எதிரில் ஆள் இல்லாமல் பேசுவது: அலுவலக மெயிலும் வாய்ஸ்மெயிலும்

நேரில் பேசும்போது எதிரில் இருப்பவர் புருவத்தைச் சுருக்கினால் நிறுத்தி விளக்குகிறோம். "எந்த ஃபைலைச் சொல்கிறீர்கள்?" என்று அவர் குறுக்கிட்டால் அந்தக் கணமே பதில் சொல்கிறோம். மெயிலிலும், அழைப்பை எடுக்காதவருக்குக் குரலில் பதிந்து வைக்கும் வாய்ஸ்மெயிலிலும் அந்தக் குறுக்கீட்டுக்கு வழியில்லை. விட்டுப்போன ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கேள்வி வந்து ஒரு பதில் போக வேண்டும். இருவரும் இருக்கையில் இருந்தாலே அதற்கு அரை நாள் போய்விடும். ஒருவர் விடுப்பில் இருந்தால் ஒரு வாரம். அனுப்பும் பொத்தானைத் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: படிப்பவர் என்ன திருப்பிக் கேட்பார் என்று யோசித்து, அதன் பதிலை உள்ளேயே வைத்துவிடுவது. கீழே வருவதெல்லாம் அந்த ஒரு வேலையைச் செய்யும் விதங்கள்.

தமிழில் மெயில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். உண்டா இல்லையா என்பதும் கடைசிச் சொல்லில்தான் தெரியும். இன்பாக்ஸிலோ சப்ஜெக்டுக்கு அடுத்தபடி முதல் வாக்கியத்தின் தொடக்கம் மட்டும் கண்ணில் படும். "கடந்த வாரம் நீங்கள் கேட்டிருந்த கூடுதல் 20 நாற்காலிகளுக்கான ஒப்புதலை இந்த மாதத்துக்குள்" என்ற இடத்தில் திரை முடிந்துவிட்டால், அடுத்து வருவது "தருகிறோம்" என்பதா "தர இயலாது" என்பதா? படிப்பவர் நல்லதாக நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதே செய்தியை உடைத்து எழுதிப் பாருங்கள்: "ஒப்புதல் கிடைக்கவில்லை. 20 நாற்காலிகளை இந்த மாதம் வாங்க முடியாது. காரணம் கீழே." முதல் வாக்கியம் நான்கைந்து சொல்லைத் தாண்டாமல் இருந்தால் வினைமுற்று திரைக்குள்ளேயே வந்துவிடும். நீண்ட வாக்கியம் எழுதத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

சப்ஜெக்ட் வரிக்கும் இதே கணக்கு. "ஒரு விஷயம்", "வணக்கம்", "அவசரம்" என்று வரும் தலைப்புகள் படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது முதலில், எப்போதைக்குள் என்பது அடுத்து, எதைப் பற்றி என்பது கடைசியில். "ஒப்புதல் தேவை – மார்ச் 14 மாலை 4க்குள் – அச்சு மதிப்பீடு." ஒப்புதல் தேவை, பதில் தேவை, தகவலுக்கு, மாற்றம் – இந்த நான்கில் ஒன்றால் தொடங்கினால் அலுவலக மெயில்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஆறு மாதம் கழித்துத் தேடுபவரையும் நினைக்க வேண்டும். ஒருவர் "இன்வாய்ஸ்" என்பார், இன்னொருவர் "இன்வாய்சு" என்பார், மூன்றாமவர் "விலைப்பட்டியல்" என்பார். தேடல் பெட்டிக்கு இவை மூன்று வேறு சொற்கள். பில் எண்ணையோ ஆர்டர் எண்ணையோ இலக்கத்தில் சப்ஜெக்டில் போட்டுவிட்டால் எழுத்துக்கூட்டல் எப்படியிருந்தாலும் மெயில் கைக்குக் கிடைக்கும்.

யார், எதை, எப்போதைக்குள்

"ஆவன செய்யவும்" என்ற தொடர் அலுவலகத் தமிழில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் படிப்பவருக்கு எதைச் செய்ய வேண்டும் என்பது தெரியாது. செய்து முடித்தோமா என்பதும் தெரியாது. "பார்த்துவிட்டுச் சொல்லவும்" என்பதும் அப்படித்தான். எதைப் பார்க்க வேண்டும்? எழுத்துப் பிழையையா, தொகையையா, முடிவு சரியா என்பதையா? "இரண்டாம் பக்கத்திலுள்ள தொகைகளை மட்டும் உங்கள் பதிவேட்டோடு சரிபாருங்கள், வாசகத்தைப் பார்க்க வேண்டாம்" என்றால் பத்து நிமிட வேலை. அப்படிச் சொல்லாவிட்டால் ஒரு மணி நேர வேலையாகத் தெரியும், அதனாலேயே நாளைக்குத் தள்ளப்படும்.

செயப்பாட்டு வினையும் ஆளை மறைத்துவிடும். "அறிக்கை திங்கட்கிழமை அனுப்பப்படும்" என்று எழுதினால் அனுப்புவது யார்? கூட்டம் முடிந்து அனுப்பும் குறிப்புகளில் இந்த ஒரு வடிவத்தால் விழும் வேலைகள் ஏராளம். பொறுப்பைச் சொல்லும் இடத்தில் எழுவாய் கட்டாயம் இருக்கட்டும்: "அறிக்கையைக் கணக்குப் பிரிவு திங்கள் பகல் 12 மணிக்குள் அனுப்பும்." ஆனால் குறையைச் சொல்லும் இடத்தில் இதே மறைப்பு கைகொடுக்கிறது. "நீங்கள் இன்னும் அனுப்பவில்லை" என்பதைவிட "கோப்பு இன்னும் வந்து சேரவில்லை" என்பது உண்மையோடும் பொருந்தும். அவர் அனுப்பி அது ஸ்பாமில் கிடக்கலாம். பொறுப்பைச் சொல்லும்போது ஆளோடு, குறையைச் சொல்லும்போது பொருளோடு என்று வைத்துக்கொண்டால் மெயிலால் வரும் மனக்கசப்பில் பாதி குறையும்.

"விரைவில்" என்பது நேரமில்லை. "அடுத்த வெள்ளி" என்றால் சிலருக்கு இந்த வாரத்து வெள்ளி, சிலருக்கு அதற்கு அடுத்தது. கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்று தவறிப்போனாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். 04/05 என்பது ஓரிடத்தில் மே 4, இன்னோரிடத்தில் ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதினால் குழப்பமே இல்லை. கோப்புப் பெயரில் தேதி வைப்பதானால் 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர விதியின் வரிசை நல்லது: ஆண்டு, மாதம், நாள். அப்படி வைத்த கோப்புகள் பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையில் நிற்கும். "இறுதி", "இறுதி புதியது", "இறுதி2" என்று பெயர் வைத்தவர்கள் பழைய பிரதியை அச்சுக்கு அனுப்புவது வழக்கமாக நடக்கும் விபத்து. வேறு நாட்டு அலுவலகத்துக்கு எழுதும்போது நேரத்தோடு அது எந்த நாட்டு நேரம் என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாம் சேர்ந்த ஒரு மெயில் இப்படி இருக்கும்:

"வணக்கம். அச்சு மதிப்பீட்டுக்கு உங்கள் ஒப்புதல் தேவை. மார்ச் 14 வெள்ளி மாலை 4 மணிக்குள் கிடைத்தால் பிரதிகள் 21ஆம் தேதி வந்துவிடும். 500 பிரதிகள், 32 பக்கம், உள்பக்கம் கறுப்பு வெள்ளை. சென்ற முறையைவிட 8 சதவீதம் கூடுதல். தாள் விலை ஏறியதே காரணம். ஒரு பக்க மதிப்பீடு இணைப்பில் உள்ளது. 'சரி' என்று பதில் அனுப்பினால் போதும். மாற்றம் இருந்தால் எந்த வரி என்று குறிப்பிடுங்கள்."

இதில் படிப்பவர் திருப்பிக் கேட்க எதுவும் மிச்சமில்லை. அதோடு, அவர் எழுத வேண்டிய பதில் ஒரு சொல். ஃபோனில், நடந்துகொண்டே, ஒரு கையால் பதில் அனுப்ப முடிகிற மெயிலுக்குத்தான் பதில் சீக்கிரம் வரும்.

ஒரே மெயிலில் மூன்று கேள்வி கேட்டால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கேள்விகள் பத்திக்குள் கலந்து கிடப்பதே காரணம். எண் போட்டுத் தனித்தனி வரியில் வைத்து, ஒவ்வொன்றையும் ஆம் இல்லை என்றோ அ, ஆ என்றோ விடை சொல்லும்படி அமைத்தால் மூன்றுக்கும் பதில் வரும். இன்னொரு வழியும் உண்டு: "புதன் மாலை 4 மணிக்குள் மறுப்பு வராவிட்டால் அ வடிவத்தோடு தொடர்கிறோம்" என்று எழுதுவது. பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடிய சின்ன முடிவுகளுக்கு மட்டும் இது பொருந்தும். பணம், ஒப்பந்தம், ஆள் நியமனம் ஆகியவற்றில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

டூ, சிசி, பிசிசி

சிசி என்பது தட்டச்சுக் காலத்துக் கார்பன் காப்பி. கோப்பில் வைத்துக்கொள்ள ஒரு பிரதி. அதைப் பெற்றவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பொருளிலேயே இன்றும் அதைப் பயன்படுத்துவது நல்லது. செய்ய வேண்டியவர் டூவில், தெரிந்திருக்க வேண்டியவர் சிசியில். டூவில் இருவரைப் போட்டு ஒரே வேலையைக் கேட்டால் இவர் செய்வார் என்று அவரும் அவர் செய்வார் என்று இவரும் விட்டுவிடுவார்கள். இருவருக்கும் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் மெயிலுக்குள் பெயரைச் சொல்லி வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவருடைய மேலதிகாரியை முதல் மெயிலிலேயே சிசியில் சேர்ப்பது புகாராகவே படிக்கப்படும். அதற்கு முன் நேரடியாக ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

பிசிசி என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் பிரதி பெறுபவரின் இடம். அங்கே இருப்பவர், எல்லோருக்கும் பதில் போகும் ரிப்ளை ஆல் அழுத்தினால் அவர் அங்கே மறைந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்கு ரகசியமாகத் தெரிவிக்க வேண்டியிருந்தால், அனுப்பிய மெயிலைப் பிறகு தனியாக ஃபார்வேர்டு செய்வதே பாதுகாப்பு. பிசிசி உண்மையில் உதவுவது ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போதுதான். முகவரிகள் வெளியே தெரியாது, ரிப்ளை ஆல் வெள்ளமும் வராது. அந்த வெள்ளம் சின்ன விஷயமில்லை. 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் இருந்த ஒரு பட்டியலுக்கு, தன்னை நீக்கும்படி ஒருவர் எழுத, "என்னையும் நீக்குங்கள்" என்று பலரும் ரிப்ளை ஆல் கொடுக்க, சுமார் ஒன்றரைக் கோடி மெயில்கள் சுற்றி மெயில் அமைப்பே திணறியது. அப்படி ஒரு சங்கிலி தொடங்கிவிட்டால் "ரிப்ளை ஆல் கொடுக்காதீர்கள்" என்று ரிப்ளை ஆல் கொடுப்பதும் அதே தவறுதான். சும்மா இருப்பதே உதவி.

ஃபார்வேர்டு செய்யுமுன் கீழே உள்ள முழுச் சங்கிலியையும் அடிவரை படிக்க வேண்டும். வாடிக்கையாளரைப் பற்றி உள்ளுக்குள் பேசிக்கொண்ட வரி ஏழாவது மெயிலில் இருக்கும். அது வாடிக்கையாளருக்கே போய்ச் சேரும். தேவையான பகுதியை மட்டும் எடுத்துப் புது மெயிலில் வைப்பது இரண்டு நிமிட வேலை.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் இணைப்பு, அடுத்து வாசகம், பிறகு சப்ஜெக்ட், கடைசியில் முகவரி. இந்த வரிசையில் போனால் பாதி எழுதிய மெயில் கை தவறிப் போகாது, "இணைப்பை மறந்துவிட்டேன்" என்ற இரண்டாவது மெயிலும் தேவைப்படாது. முகவரிப் பெட்டியில் இரண்டெழுத்து தட்டியதும் மென்பொருள் ஒரு பெயரை நீட்டும். தவறான ஆளுக்கு மெயில் போவதற்கு முக்கியக் காரணம் அந்த நீட்டல்தான். பெயரைப் பார்க்காதீர்கள், @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

25 எம்பி எல்லை உள்ள கணக்கில் 24 எம்பி கோப்பு ஏன் போக மறுக்கிறது என்று குழம்புவதுண்டு. மெயில் இணைப்புகள் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. அந்த மாற்றத்தில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே 18 எம்பி வரைதான் நம்பலாம். பெறுபவரின் அமைப்பு 10 எம்பியிலேயே திருப்பி அனுப்பவும் கூடும். அதற்கு மேல் போனால் கோப்பைப் பகிர்ந்து லிங்க் அனுப்புங்கள். அந்த லிங்கை, உங்கள் லாகின் இல்லாத இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒருமுறை திறந்து பார்த்தால், வெளியாருக்கு அது திறக்குமா, அனுமதி கேட்டு நிற்குமா என்பது தெரிந்துவிடும். குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் பகிர்ந்த கோப்பென்றால் அவர்களின் முகவரி அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அனுப்பியதைத் திரும்பப் பெறலாம் என்று நம்ப வேண்டாம். ஜிமெயிலில் "அன்டூ" நேரத்தை 5, 10, 20, 30 நொடி என்று அமைக்கலாம், 30ஐத் தேர்ந்துகொள்ளுங்கள். அவுட்லுக்கின் "ரீகால்" உங்கள் நிறுவனத்துக்கு வெளியே போன மெயிலை ஒன்றும் செய்யாது. அவுட்லுக்கின் பழைய (கிளாசிக்) டெஸ்க்டாப் பதிப்பில் எல்லா மெயிலையும் சில நிமிடம் நிறுத்தி அனுப்பும்படி ஒரு ரூல் போடலாம், 120 நிமிடம் வரை. இரண்டே நிமிடம் வைத்தாலும் பல தவறுகள் வெளியே போகாமல் நின்றுவிடும். கோபத்தில் எழுதும் மெயிலுக்கு முகவரியே இடாமல் டிராஃப்டில் வையுங்கள். மறுநாள் காலையில் படித்தால் அதில் அனுப்பத் தகுந்த இரண்டு வரி இருக்கும்.

பதில் வராதபோது இரண்டு வேலைநாள் பொறுத்து, நீங்கள் அனுப்பிய பழைய மெயிலுக்கே ரிப்ளை கொடுத்து நினைவூட்டுங்கள், சங்கிலி அறுபடாது. "கீழே பார்க்கவும்" என்று மட்டும் எழுதாமல் கேள்வியை முழுதாகத் திரும்ப எழுத வேண்டும். கீழே போய்ப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது மெயில் வேண்டாம், ஃபோனை எடுங்கள். உங்களுக்கு வரும் மெயிலுக்கு உடனே விடை தர முடியாவிட்டால் "கிடைத்தது, வியாழன் பதில் தருகிறேன்" என்ற ஒரு வரி போதும்.

வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று மெயில் வந்தால், அது பழகிய முகவரியிலிருந்து வந்திருந்தாலும், பழைய சங்கிலிக்குள்ளேயே வந்திருந்தாலும், ஃபோனில் பேசாமல் எதையும் மாற்றாதீர்கள். ஃபோன் எண்ணை அந்த மெயிலிலிருந்து எடுக்கக் கூடாது. முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வாய்ஸ்மெயில்

மெயிலைக் கண்ணால் தாவித் தாவிப் படிக்கலாம். குரலைத் தாவ முடியாது. கேட்பவர் முழுவதையும் அதே வேகத்தில் கேட்டாக வேண்டும். நீங்கள் சொல்லும் ஃபோன் எண்ணைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் செய்தி 30 முதல் 40 நொடிக்குள் முடிய வேண்டும், எண் இரண்டு முறை வர வேண்டும்: தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. தொடக்கத்தில் ஏன் என்றால், எழுதத் தவறியவர் மீண்டும் கேட்கும்போது முதல் சில நொடியிலேயே எண் கிடைத்துவிடும். கடைசியில் மட்டும் எண்ணைச் சொல்பவர்கள் அதைக் கேட்க ஒரு நிமிடம் காத்திருக்க வைக்கிறார்கள். அதுவும் முடிக்கும் அவசரத்தில் வேகமாக ஓட்டிவிடுவார்கள்.

வரிசை இது: பெயர், பிரிவு, எண், எதற்காக என்று ஒரு வாக்கியம், என்ன வேண்டும், எப்போதைக்குள், எந்த நேரத்தில் உங்களைப் பிடிக்கலாம், மீண்டும் எண். ஃபோன் அடிக்குமுன் இதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் ஆள் எடுப்பார் என்று நினைத்து அழைத்துவிட்டு, பீப் ஒலி கேட்டதும் தடுமாறுவதால்தான் பெரும்பாலான வாய்ஸ்மெயில்கள் "ம்ம்… அது வந்து…" என்று தொடங்குகின்றன.

"வணக்கம். கொள்முதல் பிரிவிலிருந்து பேசுகிறேன், பெயர் இது, எண் இது. ஆர்டர் 4172 பற்றி. சரக்கு 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வருமா, 20ஆம் தேதி வியாழக்கிழமையா என்பது தெரிய வேண்டும். 13ஆம் தேதி வியாழக்கிழமை பகல் 12 மணிக்குள் சொன்னால் வண்டியை ஏற்பாடு செய்துவிடுவோம். காலை 10 முதல் 1 வரை இருக்கையில் இருப்பேன். விவரம் மெயிலிலும் அனுப்பியிருக்கிறேன். சப்ஜெக்ட், ஆர்டர் 4172. மீண்டும் என் எண்…"

இதில் "இன்று", "நாளை" என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாய்ஸ்மெயிலை அவர் நாளை கேட்டால் உங்கள் "நாளை" அவருக்கு ஒரு நாள் தள்ளிப் போய்விடும். சொல்லும் நாளும் கேட்கும் நாளும் வேறாகலாம் என்பதால் தேதியைத்தான் சொல்ல வேண்டும்.

சில ஒலிகள் ஃபோனில் ஏன் மாறிக் கேட்கின்றன என்பதற்குத் திட்டவட்டமான காரணம் உண்டு. வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகிறது. "எஸ்" ஒலியின் சீற்றமெல்லாம் அதற்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் "எஸ்"ஸும் "எஃப்"பும் ஒன்றுபோலக் கேட்கும். "எம்", "என்" இரண்டும் குழம்பும். "பி", "டி", "ஜி", "வி" ஆகியவற்றில் எல்லாருக்கும் கேட்பது கடைசி "ஈ" மட்டும். ஆகவே பெயரையோ மெயில் முகவரியையோ எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். விமானிகளும் கப்பல்காரர்களும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்லும் வரிசை 1956இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. குறுகிய, இரைச்சலான இணைப்பில் குழம்பாத சொற்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. அது மனப்பாடமில்லாவிட்டால் கேட்பவருக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் போதும், முதலெழுத்து ஐயமில்லாமல் இருந்தால் சரி.

எண்ணைச் சொல்லும்போது இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். "அறுபத்தேழு", "எழுபத்தாறு" இரண்டும் வேகத்தில் ஒன்றையொன்று விழுங்கும். ஆங்கிலத்தில் சொன்னால் "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி". "டபுள்", "ட்ரிபிள்" வேண்டாம். எழுதிக்கொண்டிருப்பவர் அந்தச் சொல்லைத் தவறவிட்டால் ஒரு இலக்கம் குறைந்துவிடும். மூன்று அல்லது நான்கு இலக்கம் சொல்லி ஒரு மூச்சு நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் நீங்களே காற்றில் அந்த எண்ணை எழுதிப் பார்த்தால் வேகம் தானாகச் சரியாகும். ஸ்பீக்கர்ஃபோனில் வாய்ஸ்மெயில் விடாதீர்கள், அறையின் எதிரொலி சொற்களின் முனையை மழுக்கிவிடும்.

வாய்ஸ்மெயிலில் விடக்கூடாதவை சில: பாஸ்வேர்ட், ஒருவரின் சம்பளம் அல்லது உடல்நிலை, கண்டிப்பு, தேதியும் நேரமும் தவிர இரண்டுக்கு மேற்பட்ட எண்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. ஒலியை எழுத்தாக மாற்றி மெயிலுக்கே அனுப்பும் வசதியும் இப்போது பரவலாக இருக்கிறது. அந்த எழுத்து யார் திரையில் தெரியும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தக் கருவி தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அதிகம் தடுமாறும் என்பதாலும், முக்கியமான தொகையையும் தேதியையும் மெயிலில் போட்டுவிட்டு, வாய்ஸ்மெயிலில் அந்த மெயிலைச் சுட்டிக்காட்டுவது நல்லது.

உங்கள் சொந்தப் பெட்டியின் வரவேற்புச் செய்தியையும் வெளி எண்ணிலிருந்து அழைத்து ஒருமுறை கேளுங்கள். பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியான எண்ணுக்குத்தான் வந்தோமா என்று அழைப்பவர் தயங்கி வைத்துவிடுவார். அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்ற மாற்று எண் இருக்க வேண்டும், அந்த மாற்று ஆளுக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும். விடுப்புச் செய்தி வைத்தால் திரும்பும் தேதியைச் சொல்லுங்கள். திரும்பிய காலையில் முதல் வேலையாக அதை மாற்றுங்கள், மெயிலின் தானியங்கிப் பதிலையும் சேர்த்து. போன மாதம் 9ஆம் தேதி திரும்புவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டியில் யாரும் செய்தி விட மாட்டார்கள். கேட்டு முடித்த செய்திகளை அழித்துவிடுங்கள். பெட்டி நிரம்பிவிட்டால் அழைப்பவருக்கு மட்டும்தான் அது தெரியும்.